பங்குனிக்கு முன்பே கரை ஒதுங்கியவை: சென்னை ஆமை நடையின் ஒரு பருவம்

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். முட்டையிடக் கரையேறும் கடல் ஆமைகளைத் தேடி, நள்ளிரவு தாண்டி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். மொத்தம் ஆறு பேர். நான்கு பேர் கல்லூரி மாணவர்கள். அவர்களில் இருவருக்கு அதுதான் முதல் நடை. பாலவாக்கத்தைக் கடப்பதற்குள் மூன்று ஆமைகளைப் பார்த்துவிட்டோம். மூன்றும் செத்தவை. கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. ஓட்டில் கீறல்கூட இல்லை. நான்காவது ஆமையின் அருகே நின்றபோது, முதல் நடைக்கு வந்திருந்த மாணவி கேட்டாள்: "அக்கா, உயிரோடு இருக்கும் ஆமையை எப்போது பார்ப்போம்?"

எனக்குப் பதில் வரவில்லை. குறிப்பேட்டை அவள் கையில் கொடுத்தேன். இடம், நேரம், ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா, உடலில் காயம் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். குட்டையாக இருந்தால் பெண். அது பெண். பிறகு ஓட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். அலை இழுத்துச் சென்று அடுத்த நாள் வேறொரு கரையில் போட்டாலும் ஒரே ஆமையை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கோடு.

அந்த மாதத்தில் தமிழகக் கரையில், பெரும்பாலும் சென்னையையும் அதை ஒட்டிய மாவட்டங்களையும் சேர்ந்த கரையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) செத்து ஒதுங்கின. செய்தி நாளிதழ்களில் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல் படை எல்லாம் கூடிப் பேசின. இவ்வளவுக்கும் அடியில் இருந்தது ஒரு எண்ணிக்கை. இரவில் மணலில் நடந்து ஓட்டின் மேல் கோடு போட்டவர்கள் இல்லாமல் அந்த எண்ணிக்கை பிறந்திருக்காது. தன்னார்வலர்கள் முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. அவர்கள் செய்யும் வேலைகளில் மிக முக்கியமானது செத்தவற்றை எண்ணுவது என்று அந்தப் பருவத்துக்குப் பிறகு நான் உறுதியாக நம்புகிறேன். அதை ஒரு பருவத்தின் அனுபவத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

நடை தொடங்கிய கதை

பங்குனி மாதத்தில் கரையேறி முட்டையிடுவதால் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். சில ஊர்களில் சித்தாமை என்பார்கள். உண்மையில் தை மாதமே வரத் தொடங்கிவிடும். முதுகு ஓடு இரண்டடிக்குச் சற்று மேல், எடை 40 கிலோ அளவில். கடல் ஆமைகளில் சிறிய இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது சட்டத்தின் பார்வையில் புலிக்கு இருக்கும் காப்பு இதற்கும் உண்டு.

சென்னையில் இந்த ஆமைக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் பிறந்தது. கிண்டி பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளம் தோழர்களும் கரையோரம் நடந்து, முட்டைகள் விற்பனைக்கு அள்ளிச் செல்லப்படுவதற்கு முன் தாங்கள் எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்தார்கள். அன்று ஆமை முட்டை வெளிப்படையாக விலைபோன பொருள். பிறகு மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தமிழக வனத்துறையும் சில ஆண்டுகள் பொரிப்பகம் நடத்தின. அது நின்றபோது, 1988-இல், மாணவர்கள் கையில் எடுத்தார்கள். அவர்கள் தொடங்கிய மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, எஸ்எஸ்டிசிஎன் என்று சுருக்கமாக அறியப்படுவது, இன்றும் சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லாமல் நடக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். வார இறுதிகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். சென்னையில் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காட்டுயிரை அதன் சொந்த இடத்தில் பார்த்தது இந்த நடையில்தான்.

இதே கடற்கரையில் மீனவ இளைஞர்களைக் காவலர்களாகக் கொண்டு இயங்கும் ட்ரீ அறக்கட்டளை 2002 முதல் வேலை செய்கிறது. வனத்துறையும் மீண்டும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. ஆக, கரையில் இன்று ஆள் இல்லாமல் இல்லை. ஆனாலும் அரசு வந்ததும் போனதும் மீண்டும் வந்ததுமான இத்தனை ஆண்டுகளில் இடைவெளியே விடாமல் நடந்தவர்கள் மாணவர்கள். அரசுத் திட்டத்துக்கு நிதியாண்டு உண்டு. ஆமைக்கும் இந்த மாணவர்களுக்கும் பருவம் மட்டுமே.

ஒரு கூடு

மார்ச் மாதத்தில் ஓர் இரவு. திருவான்மியூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். நிலவு இல்லை. முன்னால் சென்றவர் கையை உயர்த்தினார். எல்லோரும் அப்படியே நின்றோம். ஈர மணலில் இரண்டடி அகலத்தில் ஒரு தடம் மேலேறிப் போயிருந்தது. டிராக்டர் சக்கரம் உருண்டது போல இரு பக்கமும் வெட்டுகள். இறங்கி வந்த தடம் இல்லை. அப்படியென்றால் தாய் இன்னும் மேலேதான் இருக்கிறாள்.

அடும்பங்கொடி படர்ந்த மேட்டின் ஓரத்தில் இருந்தாள். பின்துடுப்புகளால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு துடுப்பு மணலை அள்ளி மேலே போடும்; மற்றது வழிவிடும்; பிறகு முறை மாறும். கண்ணால் பார்க்காமலே கழுத்து குறுகி வயிறு அகன்ற ஒரு குடுவையை மணலுக்குள் வனைகிறாள், ஒன்றரை அடி ஆழத்துக்கு. தோண்டி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது, விளக்கடிக்கக் கூடாது. பயந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடுவாள். முட்டை விழத் தொடங்கிய பிறகு ஒரு மயக்க நிலை வரும். அப்போதுதான் பின்பக்கமாக, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு நெருங்கலாம்.

கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வலியில் அழுகிறாள் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது. கடலுக்குள்ளும் வடிந்துகொண்டுதான் இருக்கும். இது தெரிந்த பிறகும் மனம் கேட்பதில்லை.

முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, உடலை இடமும் வலமும் ஆட்டித் தொம் தொம் என்று மணலை அடித்து இறுக்கினாள். 40 கிலோ உடல் மணலில் மோதும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு எங்கள் வேலை. முட்டைகள் மேசைப்பந்து அளவு இருக்கும். ஓடு கடினமாக இருக்காது, தோல் போல மெத்தென்று அமுங்கும். எண்ணி எண்ணித் துணிப்பைக்குள் வைத்தோம். 117. கூட்டின் ஈர மணலையும் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டோம். பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் குழி வெட்டி, எடுத்த முட்டைகளை இறக்கி, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நட்டுக் கம்பிக்கூடையைக் கவிழ்த்தபோது மணி நாலரை.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையை இடம் மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே கரு மேல்பக்க உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். காலையில் கடற்கரைக்கு நடைப்பயிற்சி வருபவர் ஒரு கூட்டைக் கண்டுபிடித்து நல்ல எண்ணத்தோடு தோண்டி எடுத்துக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். நல்ல எண்ணத்துக்கு இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கும் உடலும் வேண்டும்.

முட்டைகளை ஏன் எடுக்க வேண்டும், இயற்கை போட்ட இடத்தில் விட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஆமை தெரிந்தெடுத்த இடத்திலேயே கூட்டைக் காப்பதுதான் சிறந்தது. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சென்னையில் அந்த இடம் மீதம் இல்லை. நாய்கள் தோண்டும், மணல் அரிப்பில் கூடு கடலுக்குள் போகும், சாலை விளக்கு குஞ்சுகளைத் திசை திருப்பும். பொரிப்பகம் நாம் கெடுத்ததற்குப் போடும் ஒட்டு.

ஏப்ரல் வெயிலில் பொரிப்பகத்தின் மேல் தென்னங்கீற்று போட வேண்டியிருந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு நடுக்கோடு. அதற்கு மேல் சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் கூடும், இன்னும் ஏறினால் எதுவுமே பொரியாது. நிழல் போடுவது எளிய வேலை போலத் தெரியும். ஒரு தலைமுறையின் ஆண், பெண் விகிதத்தில் கை வைக்கிறோம் என்பதை நினைத்தால் கீற்றைப் பிடிக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை கூட்டின் மேல் மணல் மெல்ல உள்வாங்கியது. இருட்டியதும் ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு ஐந்து, பிறகு மொத்தக் கூடும் கொதிக்கும் சோறு போலப் பொங்கியது. குஞ்சுகளைத் தண்ணீரில் நேரே விடுவதில்லை. அலையிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விட்டு, தானே ஊர்ந்து போகச் செய்கிறோம். பிறந்த கரையின் அடையாளம் உடலில் பதிவது கடலுக்குப் போகும் இந்தப் பயணத்தில்தான் என்று கருதப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பெண் ஆமை முட்டையிட இதே கரைப்பகுதிக்குத்தான் திரும்பும். 98 குஞ்சுகள் போயின. மறுநாள் கூட்டைத் திறந்து பொரியாத முட்டைகளை உடைத்து, எந்த வளர்ச்சியில் நின்றது என்று எழுதினோம். குடலைப் புரட்டும் நாற்றம் அடிக்கும் வேலை. யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு குழியை எங்கே வெட்ட வேண்டும், நிழலை எப்போது போட வேண்டும் என்பதை இந்த நாற்றம்தான் சொல்லிக்கொடுக்கிறது.

மனதை உடைத்த கணக்கு

ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். தோராயமான மதிப்புதான், அதை வைத்தே கணக்குப் போடலாம். அதற்கு முந்தைய ஆண்டான 2024-இல் வனத்துறையின் பொரிப்பகங்களிலிருந்து தமிழகக் கரை முழுவதும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின. பெரிய சாதனை, உழைத்தவர்களை மனமார வணங்குகிறேன். ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தால் அவற்றில் முழு வளர்ச்சி அடையப்போவது சில நூறு. அதற்கும் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் கரை ஒதுங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை முழுதாக வளர்ந்தவை. அந்த ஆயிரத்தில் ஒன்று என்ற வடிகட்டியைத் தாண்டி வந்தவை. பெண்களில் பல வயிற்றில் முட்டையோடு செத்திருந்தன.

ஒரு மாநிலமே ஒரு பருவம் முழுக்கச் சேர்த்ததை ஒரு மாதம் பல மடங்கு அழித்துவிட்டது. அதோடு, கடலில் சாகும் ஆமைகள் எல்லாம் கரைக்கு வருவதில்லை. காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து போட்டதை மட்டுமே நாம் எண்ணினோம்.

இந்தக் கணக்கைப் போட்ட இரவில் ஒரு மாணவன் சொன்னான்: "அப்படியானால் நாம் முட்டை எடுப்பதற்கு என்ன பொருள்?" மூத்தவர் ஒருவர் அவனுக்குச் சொன்ன பதில் எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது: "முட்டை எடுக்க வரவில்லை என்றால் இந்த ஆமைகளை யார் பார்த்திருப்பார்கள், தம்பி?"

எண்ணிக்கையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறு பேர் நடந்த இரவுக்கும் இரண்டு பேர் நடந்த இரவுக்கும் வித்தியாசம் உண்டு. யாரும் நடக்காத கரைகள் இருக்கின்றன. ஒரு குழு கோடு போட்ட ஆமையை இன்னொரு குழு புதைத்திருக்கலாம். ஒவ்வொரு குழுவும் தனித்தனிப் படிவத்தில் எழுதுகிறது. எல்லோரும் ஒரே படிவத்தில், நடந்த தூரத்தையும் சேர்த்து எழுதினால் இந்தக் குறிப்பேடுகளின் பலம் இரட்டிப்பாகும். இது காசு கேட்கும் மாற்றம் அல்ல. இன்னும் நடக்காமல் இருப்பது எனக்கு வருத்தம்.

ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் தன்னார்வலருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பதவி உயர்வு இல்லை, விளக்கக் கடிதம் இல்லை. அந்தக் குறிப்பேட்டை நம்பலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வலையின் மடி

பிரேதப் பரிசோதனைகள் சொன்ன காரணம் மூச்சுத்திணறல். ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் விலங்கு. நீருக்குள் நெடுநேரம் மூச்சடக்க முடியும் என்றாலும் வலையில் சிக்கித் திமிறும்போது உள்ள காற்று விரைவில் தீர்ந்துவிடும். இழுவலையை விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும். வலையின் பை போன்ற கடைப்பகுதிதான் மடி. அதற்குள் போன ஆமை மேலே வர முடியாது. வலையைத் தூக்கும்போது செத்துக் கிடக்கும், கடலில் தள்ளிவிடுவார்கள். திருக்கை வலையிலும் இது நடக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது.

விதி இல்லாமல் இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. ஆமைகள் கூடும் இடமும் ஏறக்குறைய இந்தப் பட்டைதான். இறால் கிடைப்பதும் இங்கேதான். டீசல் விலை ஏறிய பிறகு தூரம் போக மனம் வராததும் உண்மை. ஆகவே விதி காகிதத்தில் இருக்கிறது, படகு கரையருகே இருக்கிறது. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே என்று கேட்கலாம். கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. மீன்களின் இனப்பெருக்கத்தை மனதில் வைத்துப் போட்ட தடை. ஆமைகள் கரையை நெருங்குவது ஜனவரியில். தடை தொடங்கும்போது முட்டையிட்ட தாய்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும்.

தீர்ப்பாயம் கேள்வி கேட்ட பிறகு ரோந்து கூட்டப்பட்டது, விதியை மீறிய படகுகள் மீது நடவடிக்கை வந்தது. இது ஜனவரி முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை. சாவு நாளிதழில் வந்த பிறகு தொடங்கியது.

நிலையான வழி ஒன்று பல ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. இழுவலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறாலும் சிறு மீனும் கம்பிகளின் இடையே நுழைந்து மடிக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பின் வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் கடலுக்கேற்ப ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பது படகு உரிமையாளர்களின் குறை. அது பொய்யான குறை அல்ல, ஆகவே மானியமும் பயிற்சியும் தந்துதான் இதைக் கொண்டுவர வேண்டும். இந்தக் கருவி இல்லாததைக் காரணம் காட்டி, கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. அந்த இழப்போடு ஒப்பிட்டால் தப்பும் மீன் சிறிது.

மீனவர்களையே குற்றவாளிகளாக நிறுத்தும் பேச்சு அந்த மாதத்தில் நகரத்தில் நிறையக் கேட்டது. அது தவறு, அநியாயமும்கூட. ஊரூர் குப்பத்தில் ஃபைபர் படகில் போகும் ஒரு பெரியவர், கரையில் வலை பிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஆமை செத்து வருகிற வாரத்தில் பாருங்கள் அம்மா, எங்கள் வலையும் அறுந்துதான் இருக்கும். இரண்டையும் செய்வது ஒரே படகுதான்." கரையருகே வரும் இழுவைப் படகு சிறு மீனவரின் வலையையும் கிழிக்கிறது, மீன்பாட்டையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஆமைக்கும் குப்பத்துக்கும் ஒரே வழக்கு. அந்த வழக்கை இருவரும் சேர்ந்து நடத்தாமல் போனது தன்னார்வலர்களாகிய எங்கள் பக்கத்துப் பெரும் குறை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் வாசல் வழியாகவே நடக்கிறோம்; ஆனால் அவர்கள் எல்லோரும் உறங்கும் நேரத்தில் நடக்கிறோம்.

நாய், விளக்கு

கரையில் நடப்பவர்கள் பேசத் தயங்கும் விஷயம் தெருநாய். சென்னை இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய நகரம். நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-இல் இங்கேதான் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. பின்னர் நாடு முழுவதற்கும் அதுவே பொது விதியானது. அந்த வரலாற்றை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அதே இடம் என்பது முட்டைகள் புதைந்த கடற்கரையாக இருக்கும்போது இரண்டு கருணைகள் மோதிக்கொள்கின்றன. கடற்கரையில் இரவில் உணவு வைப்பவர் நாயை நேசிப்பவர். காலையில் தோண்டிக் கிடக்கும் கூட்டைப் பார்த்து அழுபவர் ஆமையை நேசிப்பவர். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். என் கருத்து இதுதான்: டிசம்பர் முதல் மே வரை உணவு வைக்கும் இடங்களை மணலிலிருந்து தெருக்களுக்கு நகர்த்த வேண்டும், கடலோர வார்டுகளில் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் பருவம் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். நாய்க்கு இதில் எந்த இழப்பும் இல்லை.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும். இருண்ட கரையில் அது கடல். உயர்கோபுர விளக்கு எரிந்தால் அது சாலை. பொரிப்பகத்துக் குஞ்சுகளுக்கு நாங்கள் வழிகாட்டலாம். நாங்கள் தவறவிட்ட கூட்டின் குஞ்சுகளுக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் விளக்கை அணைக்கக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு நிரந்தர உத்தரவு போதும்.

நடப்பவர்கள்

ஆமைகள் அதிகம் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் தேர்வு மாதங்கள். மாணவர்களை நம்பி நடக்கும் வேலையின் மிகப் பெரிய சிக்கல் இது. இரவு ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும் நடைக்குப் பிறகு எட்டரை மணி வகுப்பு. மூன்றாம் ஆண்டில் மணலைப் படிக்கத் தெரிந்துவிடும். நான்காம் ஆண்டில் வேலைக்குப் போய்விடுவார்கள். எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுத முடியாத அறிவு அது. ஏறும் தடம் எது, இறங்கும் தடம் எது, முட்டையிடாமல் திரும்பியது எது என்று சொல்வது. குச்சியை மணலில் மெல்ல அழுத்திக்கொண்டே வந்து, ஓரிடத்தில் திடீரென்று மணல் இறங்குவதைக் கையால் உணர்வது. கொஞ்சம் பலமாகக் குத்தினால் முட்டை உடையும். யாரும் இதைச் சொல்லி விளக்கிவிட முடியாது. பக்கத்தில் நின்று பத்து இரவுகள் பார்க்க வேண்டும்.

பணத்தைவிட ஆள்தான் தட்டுப்பாடு. பொரிப்பகத்துக்கு மூங்கில், வலை, கம்பிக்கூடை, சில டார்ச்சுகள். ஒரு பருவத்தை நன்கொடையில் ஓட்டிவிடலாம். அட்டவணையில் உள்ள விலங்கின் முட்டையைத் தொடுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், அது சரியானதும்கூட. நள்ளிரவில் பெண்கள் கடற்கரையில் நடப்பதற்கு வீட்டில் வாங்கும் அனுமதி அதைவிடக் கடினம். ஆனாலும் என்னுடன் நடந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

மீனவ இளைஞர்களுக்கு ஊதியம் தந்து காவல் வைக்கும் முறை இதைவிட நல்லதா என்று கேட்கிறார்கள். பல வகையில் நல்லது. கடலை அவர்களைவிட அறிந்தவர் இல்லை, அந்த ஊதியம் இன்னும் கூட வேண்டும். தன்னார்வ நடை அதற்கு மாற்றாக நினைக்கப்படவே கூடாது. ஆனால் நகரத்தில் பிறந்து, மீனைத் தட்டில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை தன் இறாலுக்கும் அந்தப் பிதுங்கிய கண்ணுக்கும் உள்ள தொடர்பை அறிய வேறு பள்ளி எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் நான்காவது ஆமையின் அருகே கேள்வி கேட்ட மாணவி அதன் பிறகு வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்தாள். தேர்வு வாரம் ஒன்றைத் தவிர எல்லா வாரமும் வந்தாள். பருவத்தின் கடைசி நடைகளில் ஒன்று, ஏப்ரல் நடுவில். பகல் வெப்பம் மணலை விட்டு இன்னும் போகவில்லை. கொட்டிவாக்கத்துக்கு அருகே அவள் முன்னால் நடந்தாள், கையில் குச்சி. எனக்கு முன்பே அவள் தடத்தைப் பார்த்துவிட்டாள். ஏறியதும் இறங்கியதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மேட்டில் மண்டியிட்டு, கலைந்த மணலின் ஓரத்திலிருந்து சாண் சாணாகக் குச்சியை அழுத்திக்கொண்டே வந்தாள். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம்.

"அக்கா, இறங்குகிறது."

மணி மூன்று பத்து. தாய் போய் எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று தெரியவில்லை. தடத்தின் ஓரம் இன்னும் ஈரமாகவே இருந்தது. துணிப்பையை விரித்தோம்.